100 ஆம்பியர் ஆக்டிவ் ஹார்மோனிக் ஃபில்டர்: பெட்டி நல்லது, சோக் இருந்தால்

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) நிறைந்த நூற்பாலைகளுக்கு விற்கப்படும் 415 வோல்ட், மூன்று வயர், சுவரில் மாட்டும் வகை இது. டிரைவுகள் கிளப்பும் 5, 7, 11, 13-ஆம் ஹார்மோனிக்குகளை (50 ஹெர்ட்ஸின் அத்தனை மடங்கில் வரும் கரண்டுகளை) எதிர்க் கரண்ட் கொடுத்து அடக்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொதப்பல் எல்லாம் பெட்டிக்கு வெளியேதான்.

லோடு 200 ஆம்பியர், கரண்ட் டி.எச்.டி. (50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஹார்மோனிக் கரண்ட் எத்தனை சதவீதம் என்பது) 40% என்றால் ஹார்மோனிக் கரண்ட் 74 ஆம்பியர் (200 × 0.4 ÷ √1.16). 100 ஆம்பியர் பெட்டி தாராளம். மிச்சத்தில் 67 ஆம்பியர், அதாவது 48 கே.வி.ஏ.ஆர். (ரியாக்டிவ் பவர்) வரை பவர் ஃபேக்டரைத் திருத்தவும் கிடைக்கும். இரண்டும் வர்க்கமாகக் கூடுவதால்தான் (74² + 67² ≈ 100²) இவ்வளவு. செட்டிங்கில் முன்னுரிமை ஹார்மோனிக்குக்கே இருக்கட்டும்.

ஆனால் அந்த 40%, டிரைவுக்கு முன்னால் 3% லைன் சோக் (கரண்ட் திடீரென ஏறாமல் தடுக்கும் காயில்) இருந்தால்தான். சோக் இல்லாவிட்டால் 80%-ஐத் தாண்டும். அங்கே ஃபில்டர் கொடுக்கக் கொடுக்க டிரைவ் இன்னும் கூர்மையாக இழுக்கும். பெட்டி முழு கரண்டில் முட்டி நிற்கும், டி.எச்.டி. இறங்காது. விற்பவர்கள் இதற்கு 150 ஆம்பியர் மாடலைக் காட்டுவார்கள். சோக் போட்டு, மறுபடி அளந்து, பிறகு வாங்குங்கள்.

அடுத்து சி.டி., அதாவது கரண்டை அளந்து ஃபில்டருக்குச் சொல்லும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் பி1 முனை சப்ளை பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பினாலோ ஃபேஸ் மாறினாலோ ஃபில்டர் ஹார்மோனிக்கைக் கழிக்காமல் கூட்டும். ஆன் செய்ததும் டி.எச்.டி. ஏறினால் முதலில் அதைப் பாருங்கள். 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால், போக வர 30 மீட்டர், 0.22 ஓம், சி.டி. தரும் 5 ஆம்பியரில் ஒயரே 5.5 வி.ஏ. தின்னும். 5 வி.ஏ. மட்டுமே தாங்கும் சி.டி. அங்கே பொய் சொல்லும். 4 சதுர மி.மீ. போடுங்கள், அல்லது 10 வி.ஏ. சி.டி. வாங்குங்கள்.

கெப்பாசிட்டர் பேனலில் 7% டிட்யூன்டு ரியாக்டர் (கெப்பாசிட்டருடன் தொடராகப் போடும் காயில்) இல்லையென்றால் ரெசொனன்ஸ் வந்து, அதாவது ஹார்மோனிக் பெருகி, ஃபில்டர் ட்ரிப் ஆகும்.

முழு லோடில் 1.5 முதல் 2 கிலோவாட் வெப்பம் வெளியேறும். பஞ்சுத்தூசி ஹீட்சிங்க்கை அடைத்தால் பெட்டி தானாகக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அலாரம்கூட வராமல். ஆகவே பேனல் ரூமில் வையுங்கள். வலையை வாரம் ஒருமுறை ஊதுங்கள்.

கேட்லாக்கில் வரும் '50 மைக்ரோ செகண்ட்' கன்ட்ரோலரின் வேகம். லோடு மாறி கரண்ட் சீராக ஏறக்குறைய ஒரு சைக்கிள், 20 மில்லி செகண்ட் ஆகும். ஆலைக்கு அது போதும்.

டிஸ்ப்ளே காட்டும் சதவீதத்தை நம்பிப் பில் பாஸ் செய்யாதீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் ஹார்மோனிக் வரம்பு பொருந்துவது மின்வாரிய இணைப்புப் புள்ளியில்தான். முழு ஷிஃப்ட் ஓடும்போது அங்கே அளந்த ரிப்போர்ட் வந்தபின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.