பழைய மோட்டார் ஹோம் வாங்குவோர் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கவும்

கடந்த ஏப்ரலில் தெற்குக் கலிபோர்னியாவிலுள்ள ஒரு விற்பனையகத்தில் 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பான மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) ஒன்றை வாங்கினேன். புகார் விசாரணையில் இருப்பதால் விற்பனையகத்தின் பெயரை எழுதவில்லை. வண்டியை முழுமையாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லித் தனியாக 275 டாலர் வாங்கிக்கொண்டு அவர்கள் கொடுத்த அறிக்கையில், ‘டிரான்ஸ்ஃபர் சுவிட்ச்’ என்ற வரிக்கு எதிரே ‘சரி’ என்று குறியிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

இத்தகைய வண்டிக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. முகாம் மைதானத்தின் கம்பத்திலுள்ள பெட்டியில் கேபிளைச் செருகிப் பெறுவதை ‘ஷோர் பவர்’ என்பார்கள். கரையில் கட்டிய கப்பலுக்குத் துறைமுகத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதிலிருந்து வந்த பெயர் அது. மற்றொன்று வண்டியிலேயே பொருத்தப்பட்ட ஜெனரேட்டர். இவை இரண்டும் எந்த நிலையிலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடக் கூடாது. அதைக் காப்பதுதான் டிரான்ஸ்ஃபர் சுவிட்சின் வேலை: ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அதன் வோல்டேஜ் நிலைப்படும்வரை அரை நிமிடம் போலக் காத்திருந்து, ‘டக்’கென்ற ஒலியுடன் கம்பத்தின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதன் பிறகே ஜெனரேட்டரை வண்டியின் மின்பெட்டியோடு இணைக்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் ஒருவர் ஓடிப்போய்க் கையால் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செய்வதும் இதைத்தான்.

ஆகவே சுவிட்ச் ஒழுங்காக உள்ள வண்டியில், கேபிள் செருகியிருக்கும்போதே ஜெனரேட்டரை இயக்குவதால் கெடுதல் இல்லை. 30 ஆம்பியர் கம்பம் தரும் 3,600 வாட்டும் என் ஜெனரேட்டர் தரும் 4,000 வாட்டும் சேர்ந்து 7,600 ஆகிவிடும் என்று மட்டும் எண்ணக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

ஜூலையில் குடும்பத்துடன் யூட்டா மாநிலத்தின் மோவாப் நகருக்குச் சென்றோம். பிற்பகல் வெயில் 40 டிகிரியை எட்டியிருந்தது. மைதானத்திலிருந்த எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடியதால், 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் என் மீட்டர் 105 காட்டியது. அவ்வளவு குறைந்த வோல்டேஜில் ஏசியை ஓட்டினால் கம்ப்ரஸர் கெடும் என்பதால் விற்பனையகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். “கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை, ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யுங்கள், தானாகவே மாறிக்கொள்ளும்” என்றார் அங்கிருந்தவர். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடங்கள் ஆகியும் ‘டக்’ ஒலி கேட்கவில்லை. சுவிட்ச் மாறும்போது ஒரு கணம் அணைந்து எரிய வேண்டிய மைக்ரோவேவ் கடிகாரமும் அசையாமல் இருந்தது. மீண்டும் அழைத்தபோது, ஜெனரேட்டரின் பிரேக்கர் (மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கும், அதை ஆன் நிலைக்குத் தூக்கிவிடுங்கள் என்றார். அது உண்மையிலேயே ஆஃப் நிலையில்தான் இருந்தது. தூக்கிவிட்டேன். வெடிச் சத்தம் போல ஒன்று கேட்டது. கம்பத்தின் பிரேக்கர் விழுந்தது. ஜெனரேட்டர் முனகி நின்றது. கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

மறுநாள் வந்த டெக்னீஷியன் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து என்னை அழைத்துக் காட்டினார். உள்ளே சுவிட்சே இல்லை. கம்பத்திலிருந்து வரும் கறுப்புக் கம்பி, ஜெனரேட்டரிலிருந்து வரும் கறுப்புக் கம்பி, மின்பெட்டிக்குச் செல்லும் கறுப்புக் கம்பி ஆகிய மூன்றையும் ஒன்றாக முறுக்கி மூடியிட்டிருந்தார்கள். வெள்ளைக் கம்பிகளையும் அவ்வாறே செய்திருந்தார்கள். பழைய சுவிட்ச் எரிந்துபோயிருக்கும், புதியது வாங்கும் சில நூறு டாலரை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள் என்பது அவர் ஊகம். ஜெனரேட்டரின் பிரேக்கரை ஆஃப் செய்து வைத்ததால் கம்பத்து மின்சாரத்தில் எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் 60 ஹெர்ட்ஸ்தான் என்றாலும், இரண்டின் அலைகளும் ஒரே கணத்தில் ஏறி இறங்குவதில்லை. அப்படிப் பொருந்தாத நிலையில் இணைத்தபோது மின்வாரியத்தின் முழு வலுவும் அந்தச் சிறிய ஜெனரேட்டரின் மீது பாய்ந்தது. வாங்கியதிலிருந்து மாதமொருமுறை ஜெனரேட்டரை மின்சுமையோடு ஓட்டிப் பார்த்திருந்தால் ஏசிக்கு மின்சாரம் போகாததை அப்போதே கவனித்திருப்பேன். அது என் சோம்பல்.

செலவான 1,840 டாலரைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஏப்ரலில் வண்டியைக் காட்டும்போது, கேபிளைச் செருகாமல் அந்தப் பிரேக்கரை ஆன் செய்துதான் ஜெனரேட்டரில் ஏசியை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். கம்பிகள் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்ததால் அந்நேரம் கேபிள் முனையிலிருந்த உலோகப் பின்னில் 120 வோல்ட் இருந்திருக்கும். கேபிளின் நீளத்தை அளக்க என் ஒன்பது வயது மகள்தான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் புகைப்படம் என்னிடம் இருக்கிறது.

விற்பனையகத்தார் முதலில் பயண அதிர்வில் கம்பிகள் கழன்றிருக்கும் என்றார்கள். மூடிகளின் மேல் பல வருடத் தூசி படிந்திருந்த படங்களை அனுப்பியதும், ‘உள்ளது உள்ளபடி’ வாங்குவதாக நான் கையெழுத்திட்டதைக் காட்டினார்கள். கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். இங்கே தனிநபர்கள் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை கோரலாம் என்பதால் அதற்கும் தாள்களைத் தயார் செய்துவருகிறேன்.

வாங்கப் போகிறவர்கள், ஜெனரேட்டரை நிறுத்தி, கேபிளையும் கழற்றிய நிலையில் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு ஜெனரேட்டரின் கறுப்பு, வெள்ளை வெளியீட்டுக் கம்பிகளுக்கும் கேபிள் முனையில் அவற்றுக்குரிய பின்களுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று உங்கள் சொந்த டெக்னீஷியன் மல்டிமீட்டரால் பார்க்கட்டும்; தொடர்பு இருக்கவே கூடாது. இவை முடிந்த பிறகே கேபிளைச் செருகி, ஜெனரேட்டரை இயக்கி, ‘டக்’ ஒலிக்காகக் காத்திருங்கள். சில பழைய வண்டிகளில் இந்த சுவிட்சுக்குப் பதிலாக, கேபிளையே பிடுங்கி வண்டிக்குள் உள்ள ஜெனரேட்டர் சாக்கெட்டில் செருகும் ஏற்பாடு இருக்கும். பார்க்கப் பழமையாகத் தோன்றினாலும், ஒரு பிளக் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் அதை நான் தயங்காமல் வாங்குவேன்.