இரண்டு வரைவுகளில் எதற்கு வாக்களித்தேன்: விமானப் பணிக்குழுவின் புதிய ஊதிய ஒப்பந்தம்

எங்கள் சங்கம் உறுப்பினர்கள் முன் வைத்திருக்கும் இரண்டு ஒப்பந்த வரைவுகளையும், விடுப்பில் வந்திருந்த மூன்று நாளும் சூரமங்கலத்து வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, இரண்டாவது வரைவுக்கு வாக்களித்துவிட்டேன். சேலத்திலிருந்தும் ஓமலூரிலிருந்தும் இந்த வேலைக்கு வந்திருக்கும் தங்கைகள் சிலர் காரணம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

சீருடைப் படி, வெளியூர்த் தங்கல், மருத்துவக் காப்பீடு, மூன்றாண்டு ஒப்பந்தக் காலம் ஆகியவை இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு பறப்புப் படியில் இருக்கிறது. முதல் வரைவு மணிக்கணக்கிலான படியை 20 விழுக்காடு உயர்த்துகிறது. இரண்டாவது 10 விழுக்காடு மட்டுமே உயர்த்தி, பயணிகள் விமானத்தில் ஏறும் நேரத்துக்கும் அந்தப் புதிய விகிதத்தில் பாதியைத் தருகிறது.

பார்த்தவுடன் 20 என்ற எண்தான் கண்ணில் படும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் பட்டது. கடிகாரம் எந்த நிமிடத்தில் ஓடத் தொடங்குகிறது என்ற பிரிவைப் படித்த பிறகே மனம் மாறினேன். இப்போது எங்களுக்குப் படி கிடைப்பது ‘பிளாக் நேரத்துக்கு’ மட்டும். அதாவது, விமானம் புறப்படுவதற்காக நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, இறங்கி ஓய்ந்து நிற்கும் கணம் வரை. அதற்கு முன்னால் அவசரகாலக் கருவிகளைச் சோதிப்பதும், சக்கர நாற்காலியில் வரும் முதியவரை இருக்கையில் அமர்த்துவதும், இடமில்லாத பெட்டிக்கு இடம் தேடுவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. என் அப்பா ஏற்காட்டு மலைப்பாதையில் தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தார். நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. மண் சரிந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் வண்டி நின்றுவிட்டால், பயணிகளோடு காத்திருந்த அத்தனை மணி நேரத்துக்கும் ஒன்றும் கிடையாது.

கணக்கை எளிதாக்க, இப்போதைய படி மணிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் அது 360 ஆகும். இரண்டாவதில் 330, ஏறும் நேரத்துக்கு மணிக்கு 165. சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து சென்னைக்குப் போவது போன்ற குறும்பயணங்கள் ஒரு நாளில் நான்கு, ஒவ்வொன்றும் 1 மணி 10 நிமிடம், ஏறும் நேரம் அரை மணி என்றால், முதல் வரைவில் 1,680 ரூபாய் வரும். இரண்டாவதில் பறப்புக்கு 1,540, ஏறும் நேரத்துக்கு 330, ஆக 1,870 ரூபாய். ஏறும் நேரம் அரை மணியாக இருக்கும்வரை, 2 மணி 45 நிமிடத்துக்குக் குறைந்த எந்தப் பயணத்திலும் இரண்டாவது வரைவே கூடுதலாகத் தருகிறது. உள்நாட்டுப் பணிப்பட்டியலில் பெரும்பாலும் அதற்குக் குறைந்த பயணங்களைத்தானே பார்க்கிறோம்?

இது புதிய சிந்தனையுமல்ல. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 2022இல் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் ஊதியம் தரத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணிக்குழுவினர் 2024 செப்டம்பரில் 87 விழுக்காடு வாக்குகளுடன் ஏற்ற ஒப்பந்தத்திலும் அது இடம்பெற்றது. ஏர் கனடாவின் பணிக்குழுவினர் சுமார் 10,000 பேர் 2025 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தரையில் ஊதியமின்றிச் செய்யும் வேலை அவர்களுடைய முதன்மைக் குறைகளுள் ஒன்றாக இருந்தது. ஒரு முறை ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால், அடுத்த பேச்சுவார்த்தையில் பாதியை முழுமையாக்கக் கேட்கலாம். இன்று 20 விழுக்காட்டை வாங்கிக்கொண்டு தரை நேரத்தைக் கைவிட்டால், மூன்றாண்டு கழித்து மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நெடும்பயணங்களில் பணிபுரிபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. எட்டு மணி நேரப் பயணத்தில், ஏறும் நேரத்தை முக்கால் மணியாகக் கணக்கிட்டாலும், முதல் வரைவே ஏறத்தாழ 116 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. நான் ஒன்பது ஆண்டுகளும் உள்நாட்டுத் தடங்களிலேயே பறந்தவள். வெளிநாட்டுத் தடங்களின் பிற வரவுகளையும் இரவுப் பணியின் சுமையையும் எடைபோட எனக்கு அனுபவம் போதாது. அவர்கள் முதலாவதற்கு வாக்களித்தால் அதில் தவறு காண மாட்டேன்.

இரண்டாவது வரைவிலும் ஒரு பலவீனம் உண்டு. ஏறும் நேரத்தை அது அட்டவணைப்படி அரை மணி என்று முடித்துவிடுகிறது. சென்ற மார்கழியில் பெங்களூரில் பனிமூட்டத்தால், பயணிகள் அமர்ந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் விமானம் அசையாமல் நின்றது; இந்த வரைவு அப்போது நடைமுறையில் இருந்திருந்தாலும் அந்தக் காத்திருப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. ஆகவே வாக்களித்த கையோடு, ‘அட்டவணைப்படியான நேரம்’ என்பதை ‘உண்மையில் எடுத்த நேரம், குறைந்தது அரை மணி’ என்று திருத்தக் கோரிச் சங்கத்துக்குத் தனியே ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தத் திருத்தத்தையும் சேர்த்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.