லீவு முடிவதற்குள் ரிப்பேர்: நெல்லையில் எதை முதலில் கொடுப்பது

இரண்டு வார லீவில் ஊருக்கு வருகிறவர்கள், வீட்டில் பழுதாகிக் கிடப்பதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கித் தந்துவிட்டுப் போகிறார்கள். பாதிச் சாமான்களுக்கு அது தேவையே இல்லை. நெல்லை டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டைப் பக்கம் வேலை தெரிந்தவர்கள் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள்.

பித்தளைப் பாத்திரத்தை வந்த மறுநாளே ஈயம் பூசக் கொடுத்துவிடுங்கள். நாலைந்து உருப்படி சேர்ந்தால்தான் உலை மூட்டுவார்கள். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டச் சமயமென்றால் ரத வீதிப் பக்கம் எந்த வேலையும் இழுக்கும்.

உள்ளே மஞ்சள் தெரிந்தாலே பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் செம்பு கரைந்து களிம்பேறும். பூசுகிறவர் பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கரி நெருப்பில் சுடவைத்து, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு உருக்கி, பஞ்சால் சட்டென்று இழுத்துப் பரப்புவார். நவச்சாரம் சூட்டில் படியும் ஆக்ஸைடை அகற்றுவதால்தான் ஈயம் பிடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்த இடத்தில் பிடிக்காது. அதனால் திரும்ப வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பு மடிப்பு வரை பாருங்கள். சுத்த வெள்ளீயம்தானா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். வெள்ளைத் தாளால் அழுத்தித் தேய்த்துப் பென்சில் கோடு போல விழுந்தால் காரீயக் (லெட்) கலப்பு இருக்கலாம், சமையலுக்கு எடுக்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் நம்பிக்கையான ஆளிடம் கொடுப்பதே சரி. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது, அதிலேயே தாளிக்கவும் கூடாது. கம்பி நாரும் வேண்டாம்.

மிக்ஸி பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். ஓடவே இல்லையென்றால் முதலில் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். லோடு தாங்காமல் விழுந்திருக்கும். மோட்டார் சுற்றி, பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர், அதாவது மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல்லுள்ள துண்டு, போயிருக்கும். ஜாருக்கு அடியில் கசிந்தால் வாஷரும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். அதை அப்படியே விட்டால் மசாலாத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, சின்னச் செலவு காயில் கட்டும் செலவாகிவிடும். கப்ளர் வாங்க மாடல் பெயர் சொன்னால் போதாது, ஜாரையே கொண்டு போங்கள். பல் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். மோட்டாரில் தீப்பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது ஜோடியாக இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். பழையதில் 2.5 மைக்ரோஃபாரட் என்றிருந்தால் அதே அளவு போட வேண்டும். கரகரவென்றால் பேரிங். இந்த இரண்டுக்கும் ஃபேனையே மாற்றச் சொல்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கிளம்பும்போது வாஷர், கப்ளர், குக்கர் கேஸ்கட் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி, எது எதற்கென்று பேனாவால் எழுதிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்.