கையில் 40,000 ரூபாய், வாங்க வேண்டியது பியானோ: யமஹா பி-45 பயன்படுத்திய அனுபவம்

மகள் பியானோ கற்க ஆரம்பித்தபோது எங்களிடம் இருந்தது மொத்தம் 40,000 ரூபாய். ஸ்டாண்டு, ஸ்டூல், ஹெட்போன் எல்லாம் அதற்குள்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் 61 கீ கீபோர்டு வாங்கச் சொன்னார்கள், அதில் நூற்றுக்கணக்கான டோன் (வெவ்வேறு வாத்தியச் சத்தம்), ரிதம் எல்லாம் வரும், விலையும் குறைவு என்று. கச்சேரிக்கோ மெல்லிசைக் குழுவுக்கோ வாசிக்கப் போகிறவருக்கு அது சரியான யோசனைதான். ஆனால் பியானோ கற்பவருக்குக் காசு போக வேண்டிய முதல் இடம் கீயின் கனம், மற்றதெல்லாம் அப்புறம் என்பதே இத்தனை வருடம் இதோடு இருந்த பிறகும் என் அழுத்தமான கருத்து. சத்தம் சுமாராக இருந்தால் பிறகு நல்ல ஹெட்போன் வாங்கிக்கொள்ளலாம், லேப்டாப்பில் இணைத்து வேறு சத்தம் வரவழைக்கலாம், ஆனால் லேசான பிளாஸ்டிக் கீயைப் பிறகு கனமாக்க வழியே கிடையாது.

வாங்கியது யமஹா பி-45. 2015இல் வந்த மாடல், 88 கீ, எடை பதினொன்றரை கிலோ, மொத்தம் பத்தே டோன். கீயின் அடியில் ஸ்பிரிங்குக்குப் பதில் சின்னச் சுத்தியல் மாதிரி எடைகள் இருக்கின்றன, அழுத்தினால் அந்த எடை எழும்பி, விட்டால் தன் கனத்தாலேயே கீயைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இடது கைப் பக்கம் கீ கனமாக இருக்கும், வலது பக்கம் போகப் போக லேசாகும், உண்மையான பியானோவிலும் அப்படித்தான். இதன் அருமை மெதுவாக வாசிக்கும்போதுதான் தெரிந்தது. இடது கை அடக்கி வாசிக்க, வலது கையின் சுண்டுவிரல் மட்டும் மெட்டை மேலே தூக்கிக் காட்ட வேண்டிய இடங்கள் ஆரம்பப் பாடங்களிலேயே வந்துவிடுகின்றன. கனமில்லாத கீயில் விரலுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது. மகள் முதல்முறையாக உண்மையான பியானோவில் உட்கார்ந்தபோது கீயோடு மல்லுக்கட்டவில்லை, அந்தப் பெரிய சத்தத்துக்குப் பழகத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

குறைகளும் உண்டு. ஒரே ஒரு பட்டன்தான், டோன் மாற்றவும் தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் போடவும் அதை அழுத்திக்கொண்டே குறிப்பிட்ட கீயைத் தட்ட வேண்டும், எது எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். புளூடூத் கிடையாது. வெளி ஸ்பீக்கருக்கென்று தனி அவுட்புட் கிடையாது, ஹெட்போன் துளையில்தான் செருக வேண்டும், செருகியதும் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஸ்பீக்கர் பக்கத்துக்கு 6 வாட், ஹாலுக்குப் போதும், விழா மேடைக்குப் போதாது. 64 பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் 64 சத்தம்தான் ஒலிக்கும் என்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள், கற்கும் காலத்தில் எங்களுக்கு அது ஒரு தடவைகூடத் தடையாகத் தெரியவில்லை. ஒரே கீயை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் இடங்களில் மட்டும், கீ கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்தால்தான் அடுத்த சத்தம் வரும் என்பது பாடம் கடினமாக ஆக ஆகத் தெரிகிறது.

சத்தம் அலுத்துப்போன சமயத்தில் யூஎஸ்பி வயரால் லேப்டாப்பில் இணைத்து சாலமாண்டர் என்ற இலவச சாம்பிளை (பதிவுசெய்த பியானோ சத்தங்களின் தொகுப்பை) போட்டோம். யமஹாவின் சி5 கிராண்ட் பியானோவைப் பதிவுசெய்து உருவாக்கியது அது. புது பியானோ வாங்கினது போல இருந்தது, செலவு அந்த வயர் மட்டும். இப்படி லேப்டாப் வழியாக வாசிக்கும்போது புளூடூத் ஹெட்போனை மட்டும் மாட்டிவிடாதீர்கள், கீயைத் தட்டிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் காதில் விழும், தாளமே கெட்டுவிடும்.

பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது ஸ்டாண்டை. எக்ஸ் வடிவ மலிவு ஸ்டாண்டில் கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே பியானோ ஆடும், முழங்காலும் இடிக்கும், நான்கு கால் உள்ள ஸ்டாண்டு அல்லது உறுதியான மேசை நல்லது. பெட்டியோடு வரும் சின்ன பெடல் டைல்ஸ் தரையில் நழுவும், அடியில் ரப்பர் மேட் போட்டால் நிற்கும். மேட் இன்னொரு வேலையும் செய்கிறது: ஹெட்போன் போட்டு வாசித்தாலும் கீ அடியில் மோதும் ‘தொம் தொம்’ கீழ்வீட்டுக்குப் போகும், அதுவும் இரவில், ஸ்டாண்டுக்கு அடியிலும் மேட் போட்டால் அது கொஞ்சம் அடங்கும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதை முன்பே யோசித்துவிடுங்கள்.

நம் ஊரில் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் தூசியும் எறும்பும் பல்லியும்தான். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுவது, பக்கத்தில் தின்பண்டம் வைக்காதது, இவ்வளவுதான் செய்கிறோம், ஒரு கீகூட இதுவரை சிக்கவில்லை. டியூனிங் செலவே இல்லை என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உண்மையான பியானோ வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இதன் இடத்தில் 2023இல் வந்த பி-145 இருக்கிறது. கேசியோ சிடிபி-எஸ்110 ஒல்லியானது, இடம் குறைவான வீட்டுக்கு நல்லது. கொஞ்சம் கூடுதலாகப் புரட்ட முடிந்தால் ரோலண்ட் எஃப்பி-10ஐக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள், கீ விஷயத்தில் இந்த வரிசையில் எனக்கு அதுதான் பிடித்தது, வயர் இல்லாமலே லேப்டாப், போனோடு இணைக்க புளூடூத் மிடியும் உண்டு. பழையது வாங்கினால் முதலில் ஸ்விட்சைப் போடாமலே 88 கீயையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், எதாவது ஒன்று மட்டும் கடகடத்தால் அடியில் மெத்தை போல இருக்கும் ஃபெல்ட் துணி தேய்ந்திருக்கலாம். அப்புறம் ஸ்விட்சைப் போட்டு ஒவ்வொரு கீயையும் மெல்லவும் ஓங்கியும் ஒருமுறை தட்டுங்கள், மெல்லத் தட்டியும் ஏதாவது கீ சத்தமாக அலறினால் சென்சாரில் கோளாறு, அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.