பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பிள்ளைகள்: இரும்பு பங்க் கட்டில் வாங்கலாமா?

சென்னையில் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு என்றால், பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடி அறைதான். அதில் மூன்றடிக் கட்டில் இரண்டைப் போட்டுவிட்டால் படிக்கிற மேசைக்கும் பீரோவுக்கும் இடம் தேட வேண்டியிருக்கும். கடைகளில் இதற்கு மூன்று வழி காட்டுவார்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கை உள்ள பங்க் கட்டில், அடியிலிருந்து இழுக்கும் கட்டில், ஸ்டோரேஜ் கட்டில். இருவருக்கான அறைக்குப் பவுடர் கோட்டிங் செய்த இரும்பு பங்க் கட்டிலைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அறையின் சீலிங் ஃபேனை அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

கணக்கு இதுதான். பத்தடி அறையின் நடுவில் ஃபேன் தொங்கினால் மையத்திலிருந்து சுவர் 60 இன்ச். 48 இன்ச் ஃபேனின் இறக்கை 24 இன்ச் எட்டும். சுவருக்கும் இறக்கை நுனிக்கும் மிஞ்சுவது 36 இன்ச். கட்டிலின் வெளி அகலமோ சட்டத்தோடு சேர்த்து 38, 39 இன்ச் வந்துவிடும். அதாவது மேல் கட்டிலின் ஓரத்துக்கு மேலேயே இறக்கை சுழலும். உயரத்திலும் நிலைமை இதேதான். ஒன்பதரை அடி சீலிங்கில் இறக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 100 இன்ச்சில் இருக்கும். மேல் மெத்தை 58 இன்ச்சில் இருந்தால், வளர்ந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும்போது தலை 90 இன்ச்சைத் தாண்டும்; போர்வையை உதறக் கையைத் தூக்கினால் போதும், அடிபட்டுவிடும். 36 இன்ச் ஃபேனாக மாற்றினால் பக்கவாட்டில் மூன்று நான்கு இன்ச் இடைவெளி கிடைக்கும், ஆனால் எட்டி நீட்டும் கைக்கு அது போதாது. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, கால்மாட்டுச் சுவரில் 400 மி.மீ. வால் ஃபேன் மாட்டுவதே சரி. மேல் கட்டில் மறைப்பதால் சீலிங் ஃபேன் காற்று கீழே படுப்பவருக்கு ஒழுங்காக வராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது தடுப்புக் கம்பி. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தடுப்பு மெத்தையின் மேற்பரப்புக்கு மேல் குறைந்தது 5 இன்ச் நிற்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மேலே படுக்க வைக்கக் கூடாது. நம் ஊருக்கும் நல்ல அளவுகோல் இது. கோட்டை விடுவது மெத்தையில்தான். தடுப்பு 10 இன்ச் என்று கடைக்காரர் காட்டுவார். அதில் 8 இன்ச் ஸ்பிரிங் மெத்தையைப் போட்டால் மிச்சம் 2 இன்ச், படுத்தபடி புரண்டாலே விழலாம். மேல் கட்டிலுக்கு 4 இன்ச் தேங்காய் நார் மெத்தையோ, 5 இன்ச்சுக்கு மிகாத கெட்டி ஃபோமோ போதும். நீளம் 72, 75, 78 இன்ச் என மூன்று விதமாக வருவதால், கட்டிலின் உள் சட்டத்தை டேப் வைத்து அளந்த பிறகே மெத்தைக்கு ஆர்டர் கொடுங்கள்.

பைப்பின் கனத்தை விளம்பரத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். கால் பைப்பின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. செங்குத்துக் கால்களுக்கும் நீளச் சட்டங்களுக்கும் 16 கேஜே வாங்குங்கள். 18 கேஜிலும் கட்டில் நிற்கும், ஆனால் போல்ட் துளை நாளடைவில் நீள்வட்டமாக விரிந்து, ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் கிரீச்சிடும். முழுக்க வெல்டிங் செய்த கட்டில் ஆடாது என்றாலும், மாடிப்படித் திருப்பத்தில் ஏறாது. ஆகவே போல்ட் மாடல்தான் வழி. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஒரு மாதம் கழித்து ஆலன் கீயால் மறுபடி முடுக்குங்கள். மேல் கால்களை எல் கிளாம்பால் சுவரோடு பிடிப்பது அவசியம். புதுக் கட்டடங்களில் சுவர் ஏஏசி பிளாக்காக (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) இருந்தால் சாதாரண ஃபாஸ்டனர் உருவிக்கொண்டு வந்துவிடும், அதற்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் துரு முதலில் போல்ட் துளையில்தான் பிடிக்கும். மாட்டும்போதே அங்கே பிரைமர் தடவிவிடுவது நல்லது.

மெத்தைக்கு அடியில் 12 மி.மீ. பிளைவுட் கேளுங்கள், அதில் ஆங்காங்கே ஒரு இன்ச் துளைகளும் போடச் சொல்லுங்கள். துளை இல்லாத பலகையில் வியர்வை ஈரம் தங்கி, மழைக்காலத்தில் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஏணிக்கு உருண்டைப் பைப் வேண்டாம், வெறுங்காலில் உறுத்தும். மூன்று இன்ச் தட்டையான படி நல்லது.

இழுப்புக் கட்டிலையும் ஒதுக்கிவிட முடியாது. குழந்தைக்கு ஆறு வயது ஆகவில்லை என்றாலோ, மேலே பரண் இறங்கியிருந்தாலோ அதுதான் சரி. முன்னால் மூன்றடி தரை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதே சிக்கல், மேசை போட்டால் போச்சு. கேஸ் பம்ப் வைத்துத் தூக்கும் ஸ்டோரேஜ் கட்டில் ஒருவர் அறைக்கே பொருந்தும்.

பங்க் கட்டில் ஆறரை அடிச் சுவரைப் பிடிக்கும். அதே சுவரில் மீதி மூன்றரை அடி இருக்கிறது. 36 இன்ச் அகலம், 19 இன்ச் ஆழமுள்ள ஸ்டீல் பீரோ அதில் உட்காரும். கதவு ஒவ்வொன்றும் 18 இன்ச் முன்னால் விரியும் என்பதால், ஏணியைப் பீரோ இல்லாத முனையில் மாட்டச் சொல்லுங்கள். பார்ட்டிகிள் போர்டு அலமாரிதான் பிடித்திருக்கிறது என்றால், தரையிலிருந்து 4 இன்ச் உயரும் கால் உள்ளதாக எடுங்கள். தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கும் வீட்டில், தரையில் உட்காரும் போர்டின் அடி விளிம்பு ஊறி உப்பினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது.