ஜிசிசி-யோட ரிட்டர்ன் வார்னிங்: நல்லாதான் சொல்லுது, ஆனா கேட்டாத்தான் சொல்லுது

சி இல்ல சி++ கத்துக்க ஆரம்பிச்சவங்க எல்லாரும் சீக்கிரமே முட்டிக்கிற வார்னிங் இது, "கண்ட்ரோல் ரீச்சஸ் எண்ட் ஆஃப் நான்-வாய்ட் ஃபங்ஷன்". ஒரு ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) தர்றேன்னு மேல எழுதிட்டு, எதையுமே தராம முடிஞ்சு போற வழி ஒண்ணு உள்ள இருக்குன்னு அர்த்தம். இந்த ஒரு விஷயத்துல மட்டும் ஜிசிசி, கிளாங்-ங்கிற ரெண்டு கம்பைலரும் (நாம எழுதுற கோட மெஷினுக்கு மாத்துற புரோகிராம்) புதுசா படிக்கிறவங்களுக்கு எவ்ளோ உதவுதுன்னு எழுதுறேன், வேகம் அது இதுன்னு பேசப் போறதில்ல.

முதல் குறை ஜிசிசி மேலதான். சி ஃபைல சும்மா கம்பைல் பண்ணா இதப்பத்தி வாயே தொறக்காது, மைனஸ் டபிள்யூ-ஆல்-ங்கிற (-Wall) ஆப்ஷன் போட்டாத்தான் சொல்லும். சி++-க்கு 2018-ல வந்த ஜிசிசி 8-ல இருந்து தானாவே சொல்லுது, சி-க்கு அந்த பாக்கியம் இல்ல. கிளாங் ரெண்டுக்குமே கேக்காமலே சொல்லிடும். ஜாவா, சி ஷார்ப், கோ பக்கம் போனா இது வார்னிங்கே இல்ல, எரர், சரி பண்ணாம நகர முடியாது. புதுசா வர்றவங்களுக்கு அதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னா வார்னிங் வரலன்னா புரோகிராம் ஓடுற மாதிரியே நடிக்கும். ரெண்டு நம்பர கூட்டுற ஃபங்ஷன், உள்ள கூட்டி ஒரு வேரியபிள்ல போட்டாச்சு, ரிட்டர்ன் எழுதல, ரன் பண்ணா பல நேரம் சரியான விடையே வந்து நிக்கும்! காரணம் என்னன்னா, 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்ல இன்ட் ரிட்டர்ன் வேல்யூ ஈஏஎக்ஸ்-ங்கிற ரெஜிஸ்டர்லதான் (பிராசசருக்குள்ள இருக்குற குட்டி சேமிப்பு இடம்) வரும், ஆப்டிமைசேஷன் (கம்பைலர் கோட வேகமாக்குறது) இல்லாம கம்பைல் பண்ணா கூட்டலும் அநேகமா அதே ரெஜிஸ்டர்ல நடந்திருக்கும், இந்த ஃபங்ஷன கூப்பிட்ட மெயின் (புரோகிராம் ஆரம்பிக்கிற ஃபங்ஷன்) அதை எடுத்துக்கும். இப்ப கூட்டலுக்கு கீழ விடை 42-ஐ நியூலைனோட பிரிண்ட் பண்ற மாதிரி ஒரு பிரிண்ட்எஃப் சேத்துப் பாருங்க, மெயின்ல 42-க்கு பதிலா 3 வர வாய்ப்பு அதிகம். எங்கருந்து வந்துச்சு 3? பிரிண்ட்எஃப் தான் எத்தன எழுத்து பிரிண்ட் பண்ணுச்சோ அந்த எண்ணிக்கைய திருப்பித் தரும், 4, 2, நியூலைன், மொத்தம் மூணு, அது அதே ரெஜிஸ்டர்ல உக்காந்திருக்கு. இத கண்டுபிடிக்க ராத்திரி பூரா தலைய பிச்சுக்கலாம், இல்லன்னா டபிள்யூ-ஆல் போட்டு ஒரே செகண்ட்ல பாத்துக்கலாம்.

சி++-ல இன்னும் மோசம், அங்க ரிட்டர்ன் இல்லாம கடைசிக்கு வந்துட்டாலே அன்டிஃபைன்ட் பிஹேவியர், அதாவது என்ன நடக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, வேல்யூவ யாரும் யூஸ் பண்ணாட்டியும் சரி. ஜிசிசி 8-ல இருந்து ஓ2-ங்கிற ஆப்டிமைசேஷன் ஆப்ஷன் போட்டா அந்த இடத்துக்கு யாரும் வரவே மாட்டாங்கன்னு கம்பைலர் எடுத்துக்குது, லூப் முடிஞ்சா அந்த இடத்துக்குத்தானே வரணும், அதனால சாதாரண ஃபார் லூப் கூட நிக்காம ஓடிக்கிட்டே இருக்கலாம்.

இன்னொரு எரிச்சல், வார்னிங் காட்டுற லைன். ரிட்டர்ன் எங்க விட்டோமோ அத காட்டாது, ஃபங்ஷன் முடியுற பிராக்கெட்ட காட்டும், அங்க போய் பாத்தா ஒரு மண்ணும் இருக்காது. அதனால மேல இருந்து ஒவ்வொரு வழியா நடந்து பாக்கணும். ஏ பெருசா இருந்தா ஏ, ஏ சின்னதாவோ சமமாவோ இருந்தா பி-ன்னு ரெண்டு தனித்தனி இஃப் போட்டிருப்பீங்க, நமக்கு எல்லாம் கவர் ஆன மாதிரி தெரியும், கம்பைலர் அவ்ளோ யோசிக்காது, ரெண்டாவது இஃப்-ஐ எல்ஸ் ஆக்குங்க போதும். ரிகர்ஷன்ல (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது) வர்றது வேற கதை, வரிசைப்படுத்தின அரேல பாதி பாதியா தேடுற பைனரி சர்ச்ல உள்ள தன்னையே கூப்பிட்டு அதுக்கு முன்னாடி ரிட்டர்ன் போட மறந்துடுவாங்க, விடை அடி வரைக்கும் போய் கிடைச்சிருக்கும், மேல வந்து சேராது.

தயவுசெஞ்சு வார்னிங் போனா போதும்னு கடைசில ரிட்டர்ன் 0 போட்டு மூடாதீங்க. அரேல தேடுற ஃபங்ஷன்ல 0-ன்னா முதல் இடத்துல கிடைச்சிருச்சுன்னு அர்த்தம், கிடைக்கலன்னா மைனஸ் 1 மாதிரி ஏதாவது தரணும். எதுவும் தரவே வேண்டாம்னா ஃபங்ஷன வாய்ட் ஆக்கிடுங்க. மெயின் மட்டும் விதிவிலக்கு, சி99-லயும் சி++-லயும் ரிட்டர்ன் இல்லன்னா 0-ன்னே எடுத்துக்கும்.

கிளாங்-க்கு ஒரு பாயின்ட் கூட: ஈனம் (பேர் வெச்ச சில மதிப்புகளோட பட்டியல்) வெச்சு ஸ்விட்ச் எழுதி எல்லா கேஸும் போட்டிருந்தா கிளாங் சும்மா இருக்கும், ஜிசிசி அப்பவும் கத்தும், ஈனம்ல இல்லாத நம்பரும் உள்ள வரலாமேங்கிற கணக்கு. தப்பில்ல, ஆனா படிக்கிறவங்க குழம்புவாங்க.

கிளாங்-க்கு நாலு ஸ்டார், ஜிசிசி-க்கு மூணு. 2024-ல வந்த ஜிசிசி 14-ல, இன்ட் ஃபங்ஷனுக்குள்ள வெறும் ரிட்டர்ன் மட்டும் எழுதினா சி-லயும் எரர் ஆக்கிட்டாங்க, ரிட்டர்னே எழுதாம விட்டா மட்டும் இன்னும் மௌனம்தான். அதையும் எரர் ஆக்குற வரைக்கும் மைனஸ் டபிள்யூ-எரர் ஈக்வல்-டு ரிட்டர்ன்-டைப் (-Werror=return-type) ஆப்ஷன மேக்ஃபைல்ல (எப்படி கம்பைல் பண்ணணும்னு எழுதி வெக்கிற ஃபைல்) போட்டு வெச்சுக்கோங்க, இந்த ஒண்ண மட்டும் எரர் ஆக்கிடும், மத்த வார்னிங் எல்லாம் வார்னிங்காவே இருக்கும்.