கிட்னி கல் உடைக்க 42,000 ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

டெல்டா மக்களே, "கத்தி இல்லை, தையல் இல்லை" போர்டைப் பார்த்ததும் உள்ளே நுழையாதீங்க. ஆஸ்பத்திரி பெயர் போடலை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி, கீழே மருந்துக்கடை, மாடியில ஸ்கேன், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வந்துபோற லித்தோ மெஷின் (வெளியிலேர்ந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கறது). அந்த ரகம். மச்சான்கிட்ட வாங்கினது 42,000. குறுவை நெல் போட்ட காசு. கல் உள்ளேயேதான் இருக்கு. என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில சொல்றேன்.

எடுத்தது அல்ட்ராசவுண்ட் மட்டும். ஸ்கிரீனை மச்சான் பக்கம் திருப்பி, வெள்ளைப் புள்ளியை விரலால தொட்டுக் காட்டி, "அண்ணே, 17 எம்எம். ஒரே சிட்டிங். பொடியாகி ஒண்ணுக்குலயே போயிடும், நாளன்னைக்கு வயலுக்குப் போங்க"ன்னார் வெள்ளைக்கோட்டுக்காரர். உடனே பணம் கைமாறிடுச்சு. பில் கிடையாது, துண்டுச் சீட்டுல "லித்தோ 42" அவ்வளவுதான்.

அதிர்வலை சிகிச்சையே ஏமாத்துன்னு சொல்லலை. 1980ல மியூனிக்ல முதல் ஆளுக்குக் கொடுத்ததுலேர்ந்து உலகம் முழுக்க நடக்குது. ஆனா எந்தக் கல்லுக்குக் கொடுக்கறதுன்னு இருக்கு. கிட்னியில 20 எம்எம்முக்குள்ள, யூரேட்டர்ல (கிட்னியிலேர்ந்து மூத்திரப்பைக்குப் போற குழாய்) 10 எம்எம்முக்குள்ள இருந்தா யோசிக்கலாம். கிட்னியோட கீழ் அறைக் கல்லுன்னா, உடைஞ்ச துகள் மேலே ஏறித்தான் வெளியே வரணும். அங்கே 10 எம்எம் தாண்டினாலே பலன் குறையும். கல்லோட அடர்த்தி சிடி ஸ்கேன்லதான் தெரியும். 1,000 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடியில அடர்த்தியைச் சொல்ற அளவு) மேலேன்னா சுலபத்துல உடையாது. தோலுக்கும் கல்லுக்கும் 10 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தாலும் அதே கதைதான். பிறகு தஞ்சாவூர்ல சிடி எடுத்தா, கீழ் அறை, அடர்த்தி 1,350. ஆர்ஐஆர்எஸ் (மூத்திரப் பாதை வழியா வளையற குழாயை விட்டு லேசர்ல உடைக்கறது), பிசிஎன்எல் (முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கறது) பத்தித்தான் முதல்லயே பேசியிருக்கணும். பேசினா அவங்க மெஷினுக்கு வேலை இல்லையே!

கொடுத்த விதமும் மோசம். நிமிஷத்துக்கு 60லேர்ந்து 90 தடவை அதிர்வலை அடிக்கணும், குறைஞ்ச சக்தியில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்தணும். 120 வச்சா சீக்கிரம் முடியும், அடுத்த ஆளைப் படுக்க வைக்கலாம். கல் உடையறது குறையும். மெஷின் தலைக்கும் இடுப்புக்கும் நடுவுல ஜெல்லுக்குள்ள காத்துக் குமிழி நின்னா அலை கல்லுக்கு முழுசாப் போய்ச் சேராது. மூச்சு விடும்போது கல்லும் ஏறி இறங்கும், அதனால குறியை அடிக்கடி சரிபார்க்கணும். எத்தனை தடவை அடிச்சாங்க, என்ன சக்தின்னு கேட்டா ஒரு தாள்கூட இல்லை.

கொஞ்ச நாள் சிவப்பா ஒண்ணுக்குப் போறது சகஜம். ஆனா வடிகட்டியில கடுகு மாதிரி ரெண்டே ரெண்டுதான் விழுந்துச்சு. மிச்சத் துகள் யூரேட்டர்ல வரிசையா அடைச்சுக்கிட்டு வலி, குளிர்காய்ச்சல். அக்கா போன் போட்டா, "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்கம்மா". அடுத்த தடவை, "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு". அப்புறம், "மெஷின் வர்ற அன்னைக்கு வாங்க". நேர்ல போனா, "ரெண்டாவது சிட்டிங் தனி பேக்கேஜ்". 42,000 வாங்கினவன் பேசற பேச்சா இது? அடைப்போட காய்ச்சல் வந்தா அது எமர்ஜென்சி; கிருமி ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. வேற ஆஸ்பத்திரியில அவசரமா டிஜே ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டி மூத்திரம் இறங்க யூரேட்டர்ல வைக்கற மெல்லிய குழாய்) வச்சுத்தான் காப்பாத்தினாங்க. அந்தச் செலவு தனி. 42,000 திரும்ப வராதாம், "சிகிச்சை கொடுத்தாச்சுல்ல"ங்கறான்.

கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாச் சொல்றேன். சிடி இல்லாம கல்லை உடைக்க விடாதீங்க. ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. கர்ப்பிணிக்கு இது கூடவே கூடாது. 5 எம்எம்முக்குள்ள இருக்கற கல் பெரும்பாலும் தானாவே வந்துடும், அதுக்குப் போய்ப் பணம் கட்டாதீங்க. யூரிக் ஆசிட் கல்லுன்னா மருந்துலயே கரைய வாய்ப்பு இருக்கு, கேளுங்க. ரெண்டாவது கருத்துக்கு தஞ்சை மருத்துவக் கல்லூரி யூராலஜி பிரிவு இருக்கு. பில் வாங்குங்க. ஸ்டென்ட் வச்சா எடுக்கற தேதியை எழுதி வாங்குங்க. மாசக்கணக்கா விட்டா அது மேலேயே கல் படியும்.